கிழிக்காத தேதி

காலத்தைக் கண்ணால் பார்க்க வைக்கிறேன் பேர்வழி என்று, சிவகாசியில் ஒரு கலைக் கண்காட்சிக்காக மண்டபச் சுவர் முழுக்க இந்த வருடத் தினசரிக் காலண்டரின் அத்தனை தாள்களையும் ஒட்டியிருந்தேன். நாலு நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை பட்டாசு ஆலைப் பெண்கள் பார்க்க வந்தார்கள். நான் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள், முந்தின நாள் வரைக்குமான தாள்களைக் கிழித்து நாற்காலியில் அழகாக அடுக்கிவிட்டார்கள்.

“யாரு கிழிச்சது?” என்று கத்தினேன்.

“நாங்கதான் அண்ணாச்சி. பழைய தேதியச் செவத்துல விட்டு வைக்கலாமா?”

கிழித்து வெறுமையான பகுதியின் நடுவே ஒரே ஒரு பழைய தாள் மிஞ்சியிருந்தது.

“அப்ப இதை மட்டும் எதுக்கு விட்டீக?”

ஒரு பெண் முன்னால் வந்தார். “அன்னைக்குத்தான் எங்க கம்பெனி வெடிச்சுது. கிழிக்க யாருக்கும் கை வரல. காலையில வேன் ஏறும்போது எந்தங்கச்சி உசுரோடதான் இருந்தா, அண்ணாச்சி.”