கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில்

ஜோதிலட்சுமி பெருக்கல் வாய்ப்பாட்டை அடி வாங்கித்தான் படித்தாள். வருசநாட்டில் அவள் அப்பா இலவங்காட்டு வேலையை முடித்துவிட்டு வந்த கையோடு மகளை முன்னால் உட்கார வைப்பார். பக்கத்தில் புளிய விளார் இருக்கும். ஏழெட்டு எவ்வளவு என்பார். யோசிக்கக் கூடாது. கண்ணை மேலே உயர்த்தினாலே முதுகில் சுரீரென்று விழும். ஒருநாள் ஐம்பத்து நாலு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். பின்மண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அப்படியே நின்று ஏழாம் வாய்ப்பாடு முழுவதையும் ஒப்பித்த பிறகுதான் அம்மா துணி கொண்டுவந்தாள். மகளைப் படிக்க வைத்த நல்ல மனுசன் என்று ஊரில் இன்றைக்கும் அவருக்குப் பேர். படிக்க வைத்தார், வாஸ்தவம்தான். அதற்காகச் சிந்திய ரத்தத்தைப் பற்றி ஒருத்தரும் பேசியதில்லை.

பி.எஸ்சி. கணக்கு முடித்ததும், சரக்கு வேன் ஓட்டும் சுருளிராஜனைக் கட்டிக்கொண்டு சுருளிப்பட்டிப் பக்கம் ஓர் ஊருக்கு வாழ வந்தாள். வீட்டு முன்னறையில் மாலை வகுப்பு ஆரம்பித்தாள். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற தகப்பன்மார் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்.

"டீச்சரு, தோல உரிச்சு எடுங்க. கண்ணு ரெண்ட மட்டும் விட்டுருங்க."

ஒருவர் கம்பையும் சேர்த்தே கொண்டுவந்தார். ஜோதிலட்சுமி அதை வாங்கி முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தாள்.

"வெந்நி அடுப்புக்கு ஆச்சுண்ணே. நாளைக்கும் இருந்தா குடுத்து விடுங்க."

அவளுடைய வகுப்பில் வாய்ப்பாட்டை ஒப்பிக்கிற சத்தம் கேட்காது. புளியங்கொட்டை உருள்கிற சத்தம்தான் கேட்கும். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு. எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு. இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து பார்த்தால் அதுவே நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று. வகுத்தல் என்றால் கிண்ணத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே வரவேண்டியது. கண்ணால் பார்த்ததை யாரும் மறப்பதில்லை என்று நம்பினாள். நாலாம் வகுப்புத் திரிஷா வந்த முதல் நாள், பலகையில் எழுத டீச்சர் கையைத் தூக்கியதுமே, அந்தப் பிள்ளை இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு தரையோடு குனிந்துவிட்டாள். அப்பேர்ப்பட்ட பிள்ளை மூன்றே மாதத்தில் கேள்வி கேட்கிற பிள்ளையாகிவிட்டாள்.

திரிஷாவின் அப்பா நாகராஜ் பல வருசம் இடுக்கி ஏலத்தோட்டங்களில் ஜீப் ஓட்டியவன். அந்த வருசம்தான் ஊரோடு திரும்பியிருந்தான். அதுவரைக்கும் அவன் பாகத்துத் திராட்சையையும் சேர்த்துப் பார்த்து, காசைக் கணக்காக அனுப்பிக்கொண்டிருந்தவர் அவனுடைய அண்ணன் கர்ணன். அண்ணன் நிறையத் தின்கிறார் என்று ஒரு புழு நாகராஜின் நெஞ்சுக்குள் எப்போதோ புகுந்துவிட்டது. அந்தக் கோபத்தைக் காட்ட அவனுக்குக் கைக்கு அகப்பட்டவர்கள் பெண்டாட்டியும் பிள்ளையும்தான்.

திராட்சைப் பந்தலை ஜோதிலட்சுமி பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தாள். அவள் பிறந்த ஊர்ப்பக்கம் அது கிடையாது. காய் இருக்கிற நாளில் வேற்றாளைத் தோட்டக்காரர்கள் உள்ளே விடவும் மாட்டார்கள். வெளியிலிருந்து பார்க்க, பந்தலைத் தாங்கும் கல்தூண்கள் வரிசை வரிசையாக நின்றன. பெருக்கல் கணக்கை யாரோ தனக்காகவே பூமியில் ஊன்றி வைத்ததுபோல அவளுக்கு மகிழ்ச்சி. ஒருநாள் பிள்ளைகளிடம் சொன்னாள்.

"ஒங்க தோட்டத்துக் கல்ல எண்ணி, புள்ளி வச்சுக் காட்டுங்க. பங்கு பிரிச்சிருந்தா அதையும் காட்டுங்க. யாருக்கு எத்தன கல்லுன்னு பாப்போம்."

பங்காளிகள் வரப்பு ஒரு சாண் நகர்ந்ததற்கு மண்டையை உடைத்துக்கொள்ளுகிற ஊரில், பிள்ளைகளை விட்டுப் பாகத்தை எண்ணச் சொன்னாள். புத்திசாலிப் பெண்தான். அன்றைக்கு அந்தப் புத்தி எங்கே போயிருந்ததோ.

திரிஷா பதின்மூன்று வரிசை வைத்தாள், வரிசைக்கு ஒன்பது புள்ளி. நட்ட நடு வரிசைக் கல்லில் பாகம் பிரித்த அன்று சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெரியப்பா சட்டையையும் தூக்குவாளியையும் மாட்டுவது அந்தச் சிவப்புக் கல்லில்தான். ஆகவே பிள்ளை அந்த வரிசையைப் பெரியப்பா பக்கம் சேர்த்துவிட்டாள். அவருக்கு ஏழு வரிசை, அறுபத்து மூன்று. அப்பாவுக்கு ஆறு வரிசை, ஐம்பத்து நாலு.

"கரெக்ட்!" என்று ஜோதிலட்சுமி கையைத் தட்டினாள். "ஒங்க பெரியப்பாவுக்கு ஒம்பது கல்லு கூடவாக்கும்! நல்ல பாகம்தான் போ!"

பிள்ளைகள் சிரித்தார்கள். திரிஷாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலை வாசலில் கோலப்பொடியால் அதே புள்ளிகளை வைத்து, டீக்கடையிலிருந்து வந்த அப்பாவை நிறுத்திக் காட்டினாள். அப்பா தன்னைத் திட்டாமல் குந்தி உட்கார்ந்து ஒரு விசயத்தைக் கேட்டது அவளுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

"எங்க, இன்னொருக்கா எண்ணு" என்றான் நாகராஜ்.

எண்ணினாள். அவன் வீட்டுக்குள் போய் அருவாளை எடுத்துக்கொண்டு நடந்தான்.

கர்ணன் பந்தலுக்கு அடியில் நின்று தளிரைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார். திராட்சை வேலையில் கை எப்போதும் தலைக்கு மேலேதான் இருக்கும். நாகராஜ் முதலில் கல்லை எண்ணினான். பிள்ளை சொன்னது சரியாகவே இருந்தது.

"அண்ணே, செவப்புக் கல்லு யாரோடது?"

"அது பொதுக்கல்லுடா. ஒனக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

"பெறகு ஏன் ஒன் சட்டை அங்கன தொங்குது?"

கர்ணன் சிரித்துவிட்டார். "சட்டைய மாட்டுனா கல்லு என்னோடதாயிருமா? போடா கிறுக்கா."

அந்தச் சிரிப்புத்தான் அவரைக் கெடுத்தது. உயர்த்திய கையை இறக்குவதற்குள் முழங்கைக்குக் கீழே முதல் வெட்டு விழுந்தது. இரண்டாவது மணிக்கட்டில் இறங்கி எலும்பில் போய் நின்றது. அருவாளை உருவ நாகராஜ் அண்ணனின் தோளில் காலை வைத்து உதைக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்குப் பின்னாலேயே குதித்துக்கொண்டு ஓடிவந்திருந்த திரிஷாவின் கவுன் முழுக்க ரத்தம் தெறித்தது. வாயைத் திறந்தபடி நின்றாள்.

கர்ணனைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தது, நரம்பு பிழைக்கவில்லை. நாகராஜ் ஜெயிலுக்குப் போனான். கர்ணனின் மகன் விஜய்பாண்டி, சித்தப்பா வெளியே வருகிற அன்று தலையை எடுப்பேன் என்று நடு ரோட்டில் நின்று சத்தம் போட்டான்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? டீச்சரைப் புகழ்ந்தது.

"டீச்சரு மட்டும் கணக்குச் சொல்லிக் குடுக்கலேன்னா இந்தக் களவு வெளிய வந்துருக்குமா? அண்ணனாம் அண்ணன்!" என்றார்கள் கடைவீதியில். திராட்சை வேலை தெரிந்தவர்கள் நாலு பேருக்கு உண்மை தெரியாமல் இருந்திருக்காது. எந்தப் பக்கத்துப் பகையும் நமக்கு வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார்கள். மற்றவர்களுக்குப் பேச வாய் போதும், தோட்டம் வரைக்கும் நடந்துபோய்ப் பார்ப்பானேன்? ஜோதிலட்சுமிக்குமே உள்ளுக்குள் ஒரு நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

அந்தப் பெருமை, திரிஷா மறுபடி வகுப்புக்கு வந்த அன்று செத்துப்போனது. மற்றப் பிள்ளைகள் புளியங்கொட்டையை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூலையிலிருந்து டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. திரிஷா இடது கையில் ஒரு கருங்கல்லை வைத்து, தரையில் ஊன்றிய தன் வலது கையைக் குத்திக்கொண்டிருந்தாள். விரல் கணுக்கள் ஏற்கெனவே வீங்கிக் கறுத்திருந்தன. இன்றைக்குத் தொடங்கிய வேலை இல்லை அது.

"ஆத்தா! என்ன பண்ணுற!"

"இந்தக் கைதான புள்ளி வச்சுச்சு" என்றாள் பிள்ளை. கல்லைப் பிடுங்கியதும் கையைக் கொண்டுபோய்ச் சுவரில் அடித்தாள்.

ஜோதிலட்சுமி அன்றைக்கே தோட்டத்துக்குப் போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பந்தலுக்கு அடியில் நுழைந்தாள். உள்ளே போனதும் கல் கண்ணுக்குத் தெரியவில்லை, கொடிதான் தெரிந்தது. ஒவ்வொரு இரண்டு கல்வரிசைக்கும் நடுவில் ஒரு கொடிவரிசை மேலேறிப் போனது. சிவப்புக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஆறு. இந்தப் பக்கமும் ஆறு. சிவப்புக் கல் இரண்டு பந்தலையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு நடுவில் நின்றது. கல்லை எண்ணினால் ஒரு வரிசை கூடுதலாகத்தான் வரும். கொடியை எண்ணினால் சரிபாதி. கர்ணன் ஒரு தம்படி திருடவில்லை. மண்ணில் இன்னும் கறுப்பாக உறைந்து கிடந்த ரத்தத்தின் மேலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சுருளிராஜனிடம் சொன்னபோது அவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"ஏ ஜோதி, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? இப்ப எல்லாரும் கர்ணனத்தான் களவாணிங்குறாக. நீ போயி என் தப்புன்னு சொன்னா அந்தப் பய விஜய்பாண்டி அருவா ஒன் கழுத்துக்குத்தான் வரும்."

"சொல்லலேன்னா அந்தப் புள்ள கைய ஒடிச்சுக்கிருமேங்க."

"ஒடிச்சா கட்டுப் போடுவாக. கழுத்துக்குக் கட்டுப் போட முடியுமா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளுக்குப் பயமாகவும் இருந்தது. பயந்துகொண்டே நாளைக் கடத்தினாள். அதற்குள் திரிஷாவின் சுண்டுவிரல் ஒரு பக்கமாக வளைந்துபோனது.

நாகராஜுக்கு ஜாமீன் கிடைத்ததும் பெரியவர்கள் நாலு பேர் கூடி, தோட்டத்திலேயே வைத்துப் பேசி முடிப்போம் என்றார்கள். சிவப்புக் கல்வரிசையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கேசை வாபஸ் வாங்கச் சொல்லிக் கர்ணனிடம் கேட்டார்கள். வெட்டுப்பட்டவனிடமே கொடு என்று கேட்கிற நியாயம் அது. பொதுக்கல் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன கர்ணன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். விஜய்பாண்டியின் சட்டை முதுகுப் பக்கம் விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். திரிஷா அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றாள். அழைக்காமலே ஜோதிலட்சுமி பந்தலுக்குள் நுழைந்தாள்.

"எல்லாரும் கைய விரிங்க" என்றாள்.

"இதென்ன பள்ளிக்கூடமா டீச்சரு?" என்றார் ஒரு பெரியவர்.

"ஆமா. விரிங்கய்யா. விரலு எத்தன?"

"அஞ்சு."

"விரலுக்கும் விரலுக்கும் நடுவுல இடுக்கு எத்தன?"

சிலர் குனிந்து பார்த்தார்கள். நாலு என்று யாரோ முணுமுணுத்தார்.

"விரலுதான் கல்லு. இடுக்குதான் கொடி. பதிமூணு கல்லு வரிசைக்கு நடுவுல பன்னெண்டு கொடி வரிசை. அங்கன ஆறு, இங்கன ஆறு. எந்திரிச்சு எண்ணிப் பாருங்க. கர்ணண்ணே ஒத்தக் கல்லக்கூடத் திருடல. திரிஷா எண்ணுனதும் தப்பில்ல. கொடிய எண்ணச் சொல்லாம கல்ல எண்ணச் சொன்னது நானு. என் தப்பு."

கர்ணனும் மற்றவர்களோடு சேர்ந்து கையை விரித்திருந்தார். இடது கை விரிந்தது. வலது கை விரல்கள் உள்ளங்கையோடு மடங்கியே கிடந்தன. அவர் விரிக்கப் பார்த்தார். ஒரு விரல்கூட அசையவில்லை. அதைப் பார்க்காதவர் அங்கே யாரும் இல்லை. நாகராஜும் பார்த்தான்.

தான் செய்ததை நேராகப் பார்க்கிற தைரியம் அவனுக்கு இல்லை. துள்ளி எழுந்து மகளை நோக்கிப் பாய்ந்தான்.

"ஒன்னாலதான்டி! ஒன்னாலதான் எங்கண்ணன..."

ஜோதிலட்சுமி குறுக்கே விழுந்தாள். முதல் அறை அவள் வாயில் இறங்கி உதடு பிளந்தது. அடுத்தது காதில் விழுந்தது. மயிரைப் பிடித்துக் கல்தூணில் அவள் தலையை மோத அவன் இழுத்தபோது, விஜய்பாண்டி பின்னாலிருந்து அவன் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் கீழே அடித்தான். நெஞ்சில் காலை வைத்தான். முதுகுக்குப் பின்னாலிருந்து அருவாள் வெளியே வந்தது.

"விடுறா" என்றார் கர்ணன்.

"ஒன் கைய எடுத்தவன்ப்பா!"

"விடுறா ஏலே. காய் பிடிச்சிருக்கு. அவனும் செத்துட்டா அந்த ஆறு வரிசைய யாரு பாக்குறது? எனக்குக் கை இருக்கா?"

விஜய்பாண்டி அப்படியே நின்றான். அருவாளைத் தூக்கி வாய்க்காலில் எறிந்துவிட்டு, சித்தப்பாவின் விலாவில் ஓங்கி ஓர் உதை விட்டு, அழுதுகொண்டே வெளியே போனான். நாகராஜ் எழுந்திருக்கவில்லை. முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டு அலறினான். அவனைத் தூக்க யாரும் போகவில்லை.

ஜோதிலட்சுமி தரையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள். திரிஷா அவள் முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், நீங்க அன்னைக்கு எங்க தோட்டத்தப் பாக்கவே இல்லையா?"

"இல்ல ஆத்தா."

"பாக்காமலா கரெக்டுன்னு சொன்னீக?"

"ஆமா."

பிள்ளை வீங்கிய கையை ஓங்கி டீச்சரின் தோளில் குத்தினாள். மறுபடி குத்தினாள். நெஞ்சில், கழுத்தில், கை படுகிற இடத்திலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினாள். ஓடிவந்து பிடிக்கப் போன தாயை ஜோதிலட்சுமி தள்ளிவிட்டாள். வலித்தது. ஒவ்வொரு குத்தும் நன்றாகவே வலித்தது. அந்தக் கை ஓய்ந்து தானாக நிற்கும்வரை அவள் தடுக்கவில்லை.