நாய்க்குத் தெரிந்த என் உயரம்

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கோபம் மட்டும் இரண்டு பேருக்குப் போதுமான அளவு உண்டு. பயிற்சி முடித்து, வழிகாட்டி நாயோடு நான் காஞ்சிபுரம் திரும்பிய வாரம் வீட்டில் நடந்த சண்டை எங்கள் சந்து முழுக்கக் கேட்டிருக்கும். அதுவரை அண்ணன்தான் என்னைத் தினமும் வண்டியில் வங்கி வேலைக்குக் கொண்டுபோய் விட்டு, மாலையில் கூட்டிவருவார். என்னை ஒரு நாயிடம் ஒப்படைக்க அவருக்கு மனமில்லை.

"திங்கக்கெழம நீயும் நாயும் தனியா பஸ் ஏறிப் போங்க. வழியில எங்கனா இடிச்சிக்கினு நின்னா, நாயத் திருப்பி அனுப்பிடணும்" என்றார்.

"சரி" என்றேன். வாய்தான் வீராப்பாகச் சொன்னது.

திங்கள் காலை கிளம்பினோம். நாய் என் இடப்பக்கம்; அதன் முதுகுப் பட்டையின் கைப்பிடி என் கையில். எங்கள் சந்து நெசவாளர் தெருவில் போய்ச் சேரும் இடத்தில் அது நின்றுவிட்டது. "ஃபார்வர்ட்" என்றேன். அசையவில்லை. வண்டிச் சத்தம் எதுவும் இல்லை. காலால் துழாவினேன், பள்ளமும் இல்லை. மறுபடி சொன்னேன். நாய் குறுக்கே திரும்பி, தன் உடம்பால் என் முழங்காலைத் தடுத்தது. அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். முதல் நாளே மானத்தை வாங்குகிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முட்டாளே, ஃபார்வர்ட்!" என்று கத்தினேன்.

"ஏம்மா, நில்லு! குறுக்கால பாவு கட்டிக்கீது!" என்று நெசவுக்கார அக்கா ஒருவர் அலறினார்.

மெதுவாகக் கையை நீட்டினேன். இடுப்புக்குச் சற்று மேலே, கஞ்சி ஈரத்தோடு, விறைப்பாக இழுத்துக் கட்டிய பட்டு இழைகள். தறிக்குப் போகும் நீள இழைகளை, பாவை, தெருவில் விரிக்கும் நாளில் சந்தின் வாயும் அடைபட்டுவிடும். தெருக்காரர்கள் குனிந்து போவார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்வதில்லை. இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் யாரோ ஒரு மணப்பெண்ணின் புடவை போயிருக்கும். நாயும் போயிருக்கும்.

கையைக் கீழே இறக்கி நாயின் தலையைத் தொட்டேன். இழைகளுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் இடைவெளி இருந்தது. தெருநாய்கள் பாவின் அடியில் தாராளமாக ஓடும். இதுவும் காது மடல்கூடப் படாமல் போயிருக்கலாம். இது நின்றது தனக்காக இல்லை, என் உயரத்துக்காக. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இதையா முட்டாள் என்றேன்? மண்டியிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

அக்கா ஓடிவந்து என் பிடரியில் கை வைத்தார். சிறு வயதிலிருந்தே பாவு நாட்களில் யாராவது அப்படி அமுக்கித்தான் என்னைக் கடத்திவிடுவார்கள். அதனாலேயே பாவின் உயரம் எனக்குத் தெரியாது.

"வேணாங்கா. எவ்ளோ குனியணும்னு இப்போ தெரிஞ்சிபோச்சி."

அவர் கையை எடுத்துக்கொண்டார். நாய் முன்னால் நுழைந்தது. நான் குனிந்து, ஓர் இழைகூட உரசாமல் அந்தப் பக்கம் போய் நிமிர்ந்தேன்.

"வழிதான் காட்டும்னு நெனச்சேன். உன் அளவையே எடுத்து வெச்சிக்கினுகீதே!" என்றார் அக்கா.

அப்போது பின்னால் அண்ணனின் குரல் கேட்டது.

"சாயந்தரம் நான் வண்டி எடுத்துக்கினு வர மாட்டேன். ரெண்டு பேருமே வந்துருங்க."

நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால், நான் அழுவது அவருக்குத் தெரிந்திருக்கும்.