ஆகஸ்ட் பதினாறில் ஒரு தீவு

சிங்கப்பூரிலிருந்து பாலிக்கோ லங்காவிக்கோ கிளம்பினாலும் அந்த ஊர் விடுமுறைகளை விசாரித்த பிறகே நான் சீட்டு எடுப்பேன். புதுச்சேரிக்கும் சுதந்திர தினக் கூட்டத்துக்குப் பயந்து ஒரு நாள் தள்ளி, ஆகஸ்ட் பதினாறில்தான் வந்திருக்கிறேன். நோணாங்குப்பம் படகுத்துறையில் ஊரே நிற்கிறது. சீட்டு தீர்ந்துவிட்டது என்று கவுண்டரை மூடிவிட்டார்கள். நாளை இந்த ஊர் மருத்துவமனையில் என் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. அதற்குள் ஒரு முறை, இந்தப் படகு போய்ச் சேரும் மணல் தீவில் வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்கிறாள்.

பக்கத்தில் குடும்பத்தோடு படகுக்குக் காத்திருக்கும் முத்தியால்பேட்டைப் பெண்ணிடம், "இன்னிக்கு என்னம்மா விசேஷம்?" என்று எரிச்சலோடு கேட்கிறேன்.

"எங்களுக்கு லீவு சார். நேத்து இந்தியாவுக்கு, இன்னிக்குப் பாண்டிக்கு."

"பாண்டி விடுதலை நவம்பர்லதானே?"

"அதுக்கும் லீவு உண்டு. பிரெஞ்சுக்காரன் ஊர வுட்டது அப்போ. பேப்பர்ல முறையா முடிச்சுக் குடுத்தது இன்னிக்கு."

நான் குடிநுழைவுத் துறையில் காலமெல்லாம் கையெழுத்துப் போட்டவன். ஒரு கோப்பு முடிந்ததற்காக எனக்கு யாரும் அரை நாள்கூட விடுப்பு தந்ததில்லை.

"எங்க மாமியா வர்ல சார். ஒரு சீட்டு மிச்சம் இருக்கு. அம்மாவ எங்களோட அனுப்புங்க."

சீட்டைப் பிறருக்கு மாற்றக் கூடாது என்று பலகையில் எழுதியிருப்பதை அவளுக்குச் சுட்டிக்காட்டுகிறேன். நான் வாசித்து முடிப்பதற்குள் என் மனைவி செருப்பைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு, அந்தக் குடும்பத்தின் தோள்களைப் பிடித்துக்கொண்டு படகில் ஏறிவிட்டாள்.