முழுகாமல் இருந்த மூன்று மாதம்

குளிர்நாட்டு ஏரியில் மூழ்கிப் பிழைப்பவருக்கு ஏரிதான் முதலாளி. ஐப்பசி போனால் அது உறைந்துபோய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். மார்கழியில் கல்யாணச் சமையல்காரரும் மழைக்காலத்தில் ஐஸ் வண்டிக்காரரும் படும் பாடு எனக்குத் தெரியும். நாமெல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

கனடாவில் ஓர் ஏரியின் அடியில் பழைய கப்பல் ஒன்று கிடக்கிறது. சுற்றுலா வருபவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கி அதைக் காட்டுவது என் வேலை. என் வீட்டுக்காரர் அங்கேயே படகு ஓட்டுகிறார். ஏரி உறைந்ததும் இருவரும் உத்திரமேரூர் பக்கம் மானாம்பதியில் இருக்கும் அவர் வீட்டுக்கு வந்துவிடுவோம். சித்திரையில் திரும்பிப் போனதும் எனக்கு ஒரு சோதனை வைப்பார்கள். பழக்கம் விட்டுப்போயிருந்தால் வேலை இல்லை.

போன குளிர்காலத்தில் அதற்கு முன்பே இன்னொரு சோதனை வந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷம், வீட்டில் தொட்டில் கட்டவில்லை. என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். போகாதே என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று என் பாஸ்போர்ட்டை வாங்கி, பட்டுப்புடவைக்கு அடியில் வைத்து, பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அண்டாத் தண்ணீர்

மார்கழிக் காலையில் மானாம்பதியே குல்லாயும் மப்ளருமாகத் திரியும். பனிக்கட்டி ஊரிலிருந்து வந்தவள் என்ன செய்கிறாள் பார்க்கலாம் என்று எல்லோருக்கும் ஒரு ஆவல். நானோ குளிக்கிற அண்டாவில் விரலை வைத்துவிட்டு அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன்.

ஏரியில் நான் நனைவதே இல்லை, உள்ளே கம்பளி, மேலே தண்ணீர் புகாத ரப்பர் சூட் என்று விளக்கினேன். அத்தை விறகடுப்பைப் பற்றவைத்தபடியே கேட்டார்.

"ஐஸ் தண்ணில முழுகறவளுக்கு சுடுதண்ணி இன்னாத்துக்கு?"

கொடியில் தொங்கிய ஆள்

அந்தச் சூட்டை மாதம் ஒருமுறை காற்றாட விட வேண்டும். தலை முதல் பாதம் வரை ஒரே கறுப்பு. மாடிக் கொடியில் தொங்கவிட்டால் ஆள் நிற்பது போலவே இருக்கும். தபால்காரர் அதற்கு வணக்கம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எங்கள் நிலத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரர் மட்டும் கன்னத்தில் கை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய வேர்க்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றித் தொல்லை, சூட்டைக் கொல்லைப் பொம்மையாக நிறுத்தக் கேட்டார். அது என் பிழைப்பு, கிழிந்தால் நான் தெருவில்தான் நிற்க வேண்டும் என்றேன். அவர் விடவில்லை.

"ரெண்டே நாளு குடும்மா, பன்னி வருதா வரலியான்னு பாத்துட்டு தொவச்சி தரேன்."

நான்கு டப்பா பவுடர்

சூட்டின் கழுத்து ரப்பரும் மணிக்கட்டு ரப்பரும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பவுடர் தடவுவோம். மென்மையானது என்று நான் வாங்குவது குழந்தைப் பவுடர். தை மாதம் உத்திரமேரூர் கடைத்தெருவில் எங்கள் வீட்டுக்கு வழக்கமான பாய் கடைக்குப் போய் நான்கு டப்பா கேட்டேன். பாய் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

வேலையில்லாத துக்கம் எனக்கு. யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன். "மூணு மாசமா முழுகாமயே கீறேன் பாய், ஒடம்பே ஒரு மாதிரி கீது" என்றேன். நானும் வீட்டுக்காரரும் தொழிலைப் பேசுகிற பேச்சு அது. அந்த வார்த்தைக்கு ஊரில் மாசமாக இருப்பது என்று வேறு அர்த்தம் என்பது அந்த நேரத்தில் உறைக்கவே இல்லை. பாய் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே போய் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொண்டுவந்து என் பையில் வைத்தார்.

"துட்டு வாணாம்மா, இனிமே கனமா எதையும் தூக்காத."

என்னை முந்திய சேதி

பேருந்தில் பேரீச்சம்பழம் தின்னும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அதற்குள் சேதி மானாம்பதி போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் நான்கு பெண்கள், உள்ளே சேமியா பாயச வாசனை. அத்தை என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் திருஷ்டி கழித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

உண்மையைச் சொன்னேன். நான் அதுவரை செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை அதுதான். வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அத்தை பாயசத்தை மூடி வைத்தார். அவரை ஏமாற்றிவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். அவர் கையில் இன்னும் போன் இருந்தது.

"பாய்தான் போன் பண்ணி சொன்னாரு. ஏரியத்தான் சொன்னியா? நான் பேர்கூட யோசிச்சி வச்சிட்டேன்."

கயிறு

மூன்றாம் நாள் அத்தை, அப்படி என்னதான் செய்வாய் அந்தத் தண்ணீருக்குள், எனக்குக் காட்டு என்றார். வீட்டுக்காரர் கோவளம் பக்கம் போய்க் காற்று சிலிண்டர் வாடகைக்கு எடுத்து வந்தார். மழையில் எங்கள் நிலத்துக் கிணறு நிரம்பிக் கிடந்தது.

இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையை அத்தையிடம் கொடுத்தேன். ஒரு இழுப்பு இழுத்தால் நன்றாக இருக்கிறாயா என்று அர்த்தம், நான் ஒரு இழுப்பு இழுத்தால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம் என்றேன். இறங்கினேன். மூன்று மாதத்துக்குப் பிறகு தண்ணீர் தலைக்கு மேல் மூடியபோது உடம்பெல்லாம் சந்தோஷம். சோதனையில் கேட்பதையெல்லாம் செய்து பார்த்தேன். ஒன்றும் மறக்கவில்லை. ஆனால் நிமிஷத்துக்கு ஒருமுறை கயிறு இழுபட்டது. நானும் சலிக்காமல் பதிலுக்கு இழுத்தேன். இரண்டு வருஷத்தில் நாங்கள் இருவரும் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை.

மேலே வந்தபோது பக்கத்து நிலத்துக்காரர் மனைவி அத்தையிடம், மருமகள் முழுகாமல் இருப்பதாகச் சொன்னார்களே என்று இழுத்தாள். அத்தை கயிற்றை விடாமலே திரும்பினார்.

"எவ சொன்னா? எங்கூட்டு பொண்ணு ஜோரா முழுகிக்கினு கீறா. முழுகாம இருக்கசொல்லோ நானே வந்து சொல்றேன், நீ போய் பன்னிய ஓட்டு."

அன்று சாயங்காலம் பவுடர் டப்பாக்களுக்குப் பக்கத்தில் பாஸ்போர்ட் இருந்தது, பட்டுப்புடவையின் அந்துருண்டை வாசனையோடு. சீசன் இல்லாத சக மட்டைகளே, வேலையில்லாத துக்கத்தை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லி அழுங்கள், கையில் குழந்தைப் பவுடரை வைத்துக்கொண்டு மட்டும் சொல்லாதீர்கள்.