விளக்கெண்ணெய் வண்டி

என் அக்காள் வீட்டுக்கு வருகிறவர்கள் உட்கார்ந்து காப்பி குடித்தது ஒரு காரின் பின்சீட்டில். திருமயத்துக்குப் பக்கத்தில், பர்மா தேக்கில் தூண் நிறுத்திக் கட்டிய பெரிய வீடு அது. கூடத்தில் சீமையிலிருந்து தருவித்த பளிங்குக்கல் பதித்திருக்கும். அந்தக் கல்லின் மேல் சுவரோரமாகப் பழுப்புத் தோல் போர்த்திய பின்சீட்டு கிடந்தது. சீட்டு கூடத்தில் இருந்தது, கார் பின்கட்டில் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றது. புதிதாக வந்தவர்கள் சீட்டை ஒருதரம் பார்ப்பார்கள், என் அத்தானை ஒருதரம் பார்ப்பார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் அக்காள் காப்பியை நீட்டிவிடுவாள்.

எங்கள் பக்கம் அக்காளை ஆச்சி என்று கூப்பிடுவோம். ஆச்சியின் புருஷரான அத்தான் இரங்கூன் பக்கத்தில் எங்கள் ஆட்களுடைய அரிசி ஆலை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கணக்குப் பார்க்கத்தான் அவரை அனுப்பினார்கள். அவரோ கணக்கைக் குமாஸ்தா தலையில் கட்டிவிட்டு என்ஜின் அறையிலேயே குடியிருந்தார். பர்மா சுதந்திரம் வாங்கிய பிறகு நிலமும் ஆலையும் கைவிட்டுப் போயின. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தகரப்பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார். நாற்பதுகூட ஆகவில்லை. பங்காளிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மலேயாவுக்குப் போ என்றார் ஒருவர், மதராஸில் கடை வை என்றார் இன்னொருவர். அத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெயில் முற்றத்தில் இறங்கும்வரை படுத்தே கிடப்பார். சாப்பாட்டை எடுத்து வைத்தால் சாப்பிடுவார். வைக்காவிட்டால் கேட்கமாட்டார்.

நான் அப்போது புதுக்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். சனிக்கிழமை பஸ் ஏறி அங்கே போய்விடுவேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, இந்த மனிதர் தன்னை ஏதாவது செய்துகொண்டிருப்பாரோ என்று பயந்துகொண்டே வீட்டைப் பார்த்து வேகமாக நடப்பேன். ஆச்சிக்கும் அதே பயம்தான். கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அவரை எழுப்பி உட்கார வைத்தது ஒரு மலைத்தோட்டத்து முதலாளி. இராமேசுவரம் போகிற வழியில் அவருடைய கார் ஊருக்குப் பிரியும் விலக்கில் நின்றுபோனது. கூட்டம் கூடி ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தான் போய்க் கையை வைத்தார், வண்டி கிளம்பியது. முதலாளிக்கு ஆச்சரியம். வீட்டுக்கு வந்து காப்பி குடித்தார். கொடைக்கானல் மலைப்பாதையில் ஒரு பகுதியை அடைத்துவிட்டு, மோட்டார்ப் பைத்தியம் பிடித்த தன் சிநேகிதர்கள் நடத்தும் பந்தயத்தைப் பற்றிச் சொன்னார். சாதாரண வீட்டுக் கார்தான், ஆனால் அவரவர் கையால் மாற்றிச் செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு வண்டியாக மேலே விட்டு நேரம் பார்ப்பார்கள். "நீங்களே ஒரு வண்டி செஞ்சு எடுத்துட்டு வாங்க. முந்தணும்னுகூட இல்ல, நடுவுல நிக்காம மேல வந்து சேருங்க. என் ஒர்க்‌ஷாப் உங்க கையில. வீடும் தாரேன்" என்றார். லாரிகள், காப்பிக்கொட்டை மெஷின்கள், கூட வேலை பார்க்க ஆட்கள் எல்லாம் அங்கே இருந்தன. மறுநாள் பால்காரன் வருவதற்கு முன்பே அத்தான் எழுந்து குளித்துவிட்டார் என்று ஆச்சி என்னிடம் சொன்னாள்.

வீட்டில் இருந்த கார் ஆச்சியின் சீதனம். சீதனமாக வந்த சாமான் பெண்ணுக்குத்தான் சொந்தம். புருஷனானாலும் கேட்டுவிட்டுத்தான் தொடவேண்டும். அத்தான் கேட்டார். ஆச்சி சரி என்றாள். பம்பர், பின்சீட்டு, மட்கார்டு, படிப்பலகை, ஸ்டெப்னி என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்தன. எனக்கே பொறுக்கவில்லை. எங்களைப் பெற்ற அப்பச்சி ஆசையாய் வாங்கிக் கொடுத்த வண்டியாயிற்றே என்று முணுமுணுத்தேன். "சீட்டுப் போனாப் போகுது, விடு. அவுக பசிக்குதுன்னு கேட்டுச் சாப்புடுறாக" என்றாள் ஆச்சி.

பளுவைக் குறைத்ததோடு அவர் நிற்கவில்லை. என்ஜின் தலையைக் கழற்றித் திருச்சிக்குக் கொண்டுபோய் லேத்தில் இழைத்து வந்தார், அழுத்தம் கூடுமாம். கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளையைப் பெரிதாக்கினார். சைலன்சரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்தார். ஊர்ப் பசுக்கள் கொஞ்ச நாள் பால் கறக்க மறுத்தன. ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றும் காற்றாடியையும் கழற்றி ஆணியில் மாட்டினார். அதைச் சுற்றவும் என்ஜின் பலம் செலவாகிறது, வேகமாகப் போகிற வண்டிக்கு முன்னாலிருந்து வருகிற காற்றே போதும் என்றார். என்ஜின் எண்ணெய்க்குப் பதில் விளக்கெண்ணெய் ஊற்றினார். சீமைப் பந்தயக்காரர்கள் அதைத்தான் ஊற்றுகிறார்களாம். ஆலங்குடிப் பக்கமிருந்து டின்னில் வந்தது. வண்டி தெருவில் போனால் விளக்கெண்ணெய் கருகும் வாடை கடைசி வீடுவரை போகும். ஊரார் விளக்கெண்ணெய் வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஏங்க, இது மலைக்குப் போகுமா, இல்ல கொல்லைக்குத்தான் போகுமா?" என்றார் டீக்கடைக்காரர். அத்தான் சிரித்தார். பர்மாவிலிருந்து வந்தபின் அவர் சத்தம் போட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

மலையே இல்லாத சீமையில் மலையேறப் பழகுவதுதான் பெரிய பாடு. குடுமியான்மலையிலும் திருமயத்திலும் இருப்பது வெறும் பாறை, சாமியும் கோட்டையும்தான் அதில் ஏற முடியும். கடைசியில் கண்மாய்க்கரையில் வண்டிப்பாதை ஏறுகிற இடம் ஒன்று அகப்பட்டது. மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறுவார், இறங்குவார், மறுபடி ஏறுவார். அந்தச் சூட்டோடு திருமயம் ரோட்டில் முழு வேகத்தில் விரட்டுவார். ரேடியேட்டர் மூடியில் வெப்பம் காட்டும் முள் ஒன்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே வருவதுதான் என் வேலை. எனக்கு மோட்டார் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் முள்ளைப் பார்க்கத் தெரியும். சித்திரை வெயிலில்கூட அது சிவப்பைத் தொட்டதில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

வீட்டில் இதையெல்லாம் பிடிக்காமல் இருந்தவர் அத்தானைப் பெற்ற ஆத்தா ஒருவர்தான். அவருக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவரும் பர்மாவில் இருந்தவர். யுத்தத்தில் குண்டு விழுந்தபோது கால்நடையாய் மலை தாண்டி வந்த கூட்டத்தோடு கிளம்பி, வழியில் காய்ச்சல் கண்டு அங்கேயே போய்விட்டார். தூரப் பயணம் போகிறவர்களுக்குக் கோயிலில் சாத்திய மாலையை வாங்கிவந்து போட்டு அனுப்புவது அந்த வீட்டு வழக்கம். சின்னவர் கடைசியாகக் கிளம்பிய அன்று ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று மாலை இல்லாமல் ஏறிப் போய்விட்டார். ஆத்தாவின் மனத்தில் அதுதான் முள்ளாய்க் கிடந்தது. அதற்குப் பிறகு அவர் கோயில் வாசலை மிதிக்கவில்லை. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அத்தான், "அட, காய்ச்சல்ல போனான் ஆத்தா. மாலைக்கும் அதுக்கும் என்ன?" என்பார்.

அத்தானும் நானும் மலைக்குக் கிளம்பிய காலையில் ஆத்தாவை வீட்டில் காணோம். வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது தெருமுனையில் வருகிறார், ஒரு தாம்பாளத்தில் பெரிய மாலையோடு. சம்பங்கியும் அரளியும் வைத்து நெருக்கிக் கட்டிய மாலை, கைக்குள் அடங்காத தடிமன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு கோயிலுக்குள் போயிருக்கிறார். வண்டியின் முகப்பில் ஒரு விளக்கிலிருந்து மறு விளக்குக்கு மடித்து மடித்து வாழைநாரால் இறுக்கிக் கட்டினார். ரேடியேட்டர் கம்பி கொஞ்சம்கூட வெளியே தெரியவில்லை. "திரும்பி வா. நான்தான் அவுப்பேன். நடுவுல யாரும் தொடக்கூடாது" என்றார். ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் காற்றைப் பற்றி யாருக்கு நினைப்பு வரும்?

திண்டுக்கல் போவதற்குள்ளேயே நினைப்பு வந்துவிட்டது. முள் சிவப்புக்கு வந்தது. நின்று நின்று தண்ணீர் ஊற்றி, மாட்டுவண்டி வேகத்தில் உருட்டி, மலையடிவாரம் சேர்ந்தோம். காற்றாடி ஊரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை வண்டிகள் வரிசையில் நின்றன. மற்ற வண்டிக்காரர்கள் எங்கள் மாலையைப் பார்த்துச் சிரித்தார்கள். முதலாளி வந்து அத்தானின் தோளில் தட்டினார். "மேல காப்பியோட காத்திருக்கேன், வாங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

நான் அத்தானைத் தனியே இழுத்தேன். "அயித்தான், கழட்டிருவோம். மேல போயித் திரும்பக் கட்டிக்கலாம். ஆத்தா பாக்கவா போகுது?" என்றேன்.

அவர் முகப்பின் முன்னால் குனிந்தார். வாழைநார் முடிச்சில் விரலை வைத்தார். பிறகு அவிழ்க்காமலே கையை எடுத்துவிட்டார்.

"மாலையில என்ன இருக்குன்னு இத்தனை நாளும் பேசுனவன் நான்தான் மாப்ளே. இப்பப் பாரு, கை ஓட மாட்டேங்குது. சின்னவன் மொகந்தான் தெரியுது. எனக்கும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா ஆத்தா அங்கிட்டு யாரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும்?"

நான் அவிழ்க்கிறேன் என்று குனிந்தேன். வேண்டாம் என்று என் தோளைப் பிடித்து நிமிர்த்திவிட்டார்.

மலைப்பாதையில் பாதி தூரத்தில் ஒரு கொண்டைஊசி வளைவு. பார்வையாளர்களோடு நான் அங்கே போய் நின்றிருந்தேன். வண்டி வருமுன்னே சத்தம் வந்தது, நல்ல கணீரென்ற சத்தம். வளைவுக்குக் கீழே அவரைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முன்னால் வந்த பெரிய வண்டிகள் எல்லாம் திணறிய இடத்தில் அது ஒரே மூச்சில் ஏறியது. என்னைத் தாண்டும்போது ஆவி கிளம்பிவிட்டது. அடுத்த வளைவுக்குமுன் உள்ளே ஏதோ வெடித்த சத்தம் கேட்டது, வண்டி நின்றது. நான் ஓடினேன். வெந்த சம்பங்கியும் கருகிய விளக்கெண்ணெயும் சேர்ந்து அடித்த அந்த வாடையை இன்றைக்கும் என்னால் தாங்கமுடியாது. கல்யாண வீட்டில் சம்பங்கி மாலை இருந்தால் எழுந்து தள்ளிப் போய் உட்காருவேன். அத்தான் ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்து மேலே போகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதலாளி நல்ல மனிதர்தான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷத்துக்குள் ஒர்க்‌ஷாப்புக்கு வேறு ஆள் வந்துவிட்டார். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த வண்டியின் முகப்பில் ஆத்தா ஆரத்தி எடுத்து, வாடி வதங்கிய மாலையைத் தன் கையால் அவிழ்த்தார். அத்தான் அதற்குப் பிறகு வண்டியைத் தொடவில்லை. விளக்கெண்ணெய் உள்ளேயே இறுகிப் பசையாகி என்ஜின் பிடித்துக்கொண்டது. அவரும் பழையபடி படுத்துக்கொண்டார். வெயில் முற்றத்தில் இறங்கும், ஆச்சி கூப்பிடுவாள், எழுந்திருக்கமாட்டார். இதில் கொடுமை என்னவென்றால், வீட்டுக்கு யார் வந்தாலும் ஆத்தா இந்தக் கதையைச் சொல்லுவார். "மலையில வண்டி வெடிச்சுப்போச்சு. நான் கட்டுன மாலைதான் எம்புள்ளைய எனக்குத் திருப்பிக் குடுத்துச்சு" என்று. அத்தான் பக்கத்திலேயே இருந்து, ஆமாம் என்று தலையாட்டுவார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். சொல்லிவிடலாமா என்று ஆச்சியைப் பார்ப்பேன். ஆச்சி வேண்டாம் என்று கண்ணைக் காட்டுவாள்.

அறுபதுகளின் நடுவில் ஆத்தா படுக்கையில் விழுந்தார். கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் நாங்கள் மூவரும் கட்டிலைச் சுற்றி இருந்தோம். கண்ணை மூடிக் கிடந்தவர் திடீரென்று அத்தானின் கையைப் பிடித்தார்.

"ஏன்யா, ரொம்ப நாளா மனசுக்குள்ள கெடக்குது. நான் கட்டுன மாலைதான் வண்டிய நிறுத்திருச்சா? நெசத்தச் சொல்லு."

எத்தனை வருஷமாக அவர் இதை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாரோ தெரியவில்லை. ஆச்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அத்தானைப் பார்த்தேன். தன் கைவேலையில் ஒரு திருகாணி சரியில்லை என்று யாராவது சொன்னால்கூடப் பொறுக்காத மனிதர் அவர்.

"இல்ல ஆத்தா. நான் வண்டியச் சரியாச் செய்யல" என்றார்.

ஆத்தாவின் முகம் தெளிந்தது. "அதான பாத்தேன். ஒனக்கு அந்த வேலையெல்லாம் எங்கிட்டுத் தெரியும்" என்றார். மகன் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். அந்த வாரத்திலேயே போய்விட்டார்.

அத்தானும் போய் ரொம்ப நாளாகிறது. ஆச்சி இப்போது என்னோடு இருக்கிறாள், அவளுக்கு நினைவு பிசகிவிட்டது. சொந்தத்தில் இளசுகள் யாராவது அவரைப் பற்றிப் பேச்செடுத்தால், வீட்டுக் காரைப் பிரித்துப்போட்டுப் பாழாக்கிய மனுஷர் என்றுதான் சொல்லுகிறார்கள். அவரே தன் வாயால் ஒத்துக்கொண்ட விஷயமாயிற்றே, நான் என்ன சொல்ல? ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தவன் நான். அவர் அந்த வண்டியைச் சரியாகத்தான் செய்திருந்தார்.