ஏணிக்கு மேலே வீடு

எட்டொன்பது வருடமாக அம்மா ஒரு படகில் குடியிருந்தாள். அந்த வருடங்களில் படகு ஒரு நாள்கூடத் தண்ணீரில் இல்லை. படகுப் பட்டறையின் பின்மூலையில், இரும்புத் தாங்கிகளின் மேல், ஆள் உயரத்துக்கும் மேலே நின்றது. வீட்டுக்குப் போக ஏணி ஏற வேண்டும். காய்கறிப் பையைக் கயிற்றில் கட்டி இழுக்க வேண்டும். தபால்காரர் ஏணியடியில் நின்று மணி அடிப்பார். அம்மா மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியை இறக்குவாள்.

அவள் அந்தப் பட்டறையின் தையல்காரி. படகு இருக்கைகளின் மெத்தை உறை, திரைச்சீலை, வெயில் மறைப்புத் துணி எல்லாம் அவள் கைவேலை. தடித்த துணி தைக்கும் மெஷின், நீண்ட மேஜை, ஒரு ஜன்னல்: அவ்வளவுதான் அவளுடைய கொட்டகை. காலரின் வலது பக்கம் எப்போதும் குண்டூசிகள் குத்தியிருக்கும். அவளைக் கட்டிப்பிடிப்பதென்றால் இடது பக்கமாகத்தான் சாய வேண்டும். எனக்கு அது இன்னும் பழக்கத்தில் இருக்கிறது. யாரைக் கட்டிப்பிடித்தாலும் இடது பக்கம்தான் போகிறேன்.

அப்பா அதே பட்டறையில் இன்ஜின் மெக்கானிக். படகு அவரால் வந்தது. யாரோ ஒருவர் பழுது பார்க்க விட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை. இடம் காலியானால் போதும் என்றிருந்தார் முதலாளி. அப்பா கேட்டார், கொடுத்துவிட்டார். பழைய உல்லாசப் படகு. வெளியே மீன்பிடிப் படகின் உடம்பு: கனம், அகலம், மெதுவான நடை. உள்ளே வீடு: படுக்கையறை, சமையல் மூலை, சுற்றிலும் ஜன்னல் வைத்த கூடம். அதே சமயத்தில் எங்கள் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு இரண்டும் கச்சிதமாகப் பொருந்திவிட்டன.

"ரெண்டு மாசம் இப்படியே இருப்போம். அப்புறம் தண்ணில விட்டுட்டு, கரையோரமாவே ரெண்டு பேரும் ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றார்.

"போன படகெல்லாம் எந்த லட்சணத்துல திரும்பி வருதுன்னு நான்தானே பாக்கறேன். மெத்தையப் பிழிஞ்சா வாளி நிறையுது."

"அதெல்லாம் பராமரிப்பு இல்லாத படகு."

"போகும்போது எல்லாம் பராமரிச்ச படகுதான்."

அவளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றால் பயம். அந்தப் பயத்தை அவள் மறைத்ததில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு.

"வரேன். ஆனா ஒண்ணு. நீங்க இத இறக்குற அன்னிக்கு நான் இறங்கிடுவேன்."

அப்பா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

முதல் சில வருடங்கள் நடந்தது உண்மையான வேலை. அதைச் சொல்ல வேண்டும். டீசல் தொட்டிகள் துருப்பிடித்திருந்தன. கட்டியவர்கள் தொட்டியை வைத்துவிட்டுத்தான் சுற்றிப் படகைக் கட்டியிருந்தார்கள். எந்தக் கதவு வழியாகவும் அது வெளியே வராது. அப்பா இன்ஜின் அறையில் மல்லாந்து படுத்து, தொட்டியைத் துண்டு துண்டாக அறுத்து வெளியே எடுத்தார். புதியதைக் கதவுக்கு அடங்கும் சின்னத் தொட்டிகளாகச் செய்து உள்ளே வைத்தார். மேல்தளத்துத் தேக்குப் பலகைகளில் திருகாணி போன இடமெல்லாம் மழை இறங்கி, அடியில் இருந்த மரம் நனைந்த ரொட்டி மாதிரி ஆகிவிட்டிருந்தது. அதையும் சுரண்டி எடுத்து, நிரப்பி, மூடினார். நான் மின் பொறியாளர். வேறு ஊரில், துறைமுகக் கிரேன்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளோடு என் வேலை. லீவில் வந்து பழைய வயரையெல்லாம் உருவிப் போட்டுப் புதிதாக இழுத்தேன். புது பேட்டரிகள், கூரைமேல் சூரியத் தகடு, ஒவ்வொரு விளக்குக்கும் தனி ஃப்யூஸ். அம்மா ஸ்விட்சைப் போட்டு அணைத்துப் பார்த்தாள்.

"ஏண்டி, எல்லாரும் பெத்த புள்ளையக் கரையேத்த முடியலன்னு அழறாங்க. இங்க புள்ள கரையேறிடுச்சு, படகுதான் கரைய விட்டு நகர மாட்டேங்குது."

அந்த லீவோடு படகு தயாராகிவிட்டது என்று நான் நினைத்தேன். அடுத்த முறை வந்தபோது ஜன்னல்கள் கழற்றிக் கிடந்தன. ஏற்கெனவே ஒருமுறை மாற்றிய ஜன்னல்கள். ரப்பர் சரியில்லை என்றார் அப்பா. அதற்கடுத்த முறை படகை உந்தும் விசிறியின் தண்டு வெளியே கிடந்தது. பிறகு தண்ணீர்ப் பம்ப். எப்போது இறக்கப் போகிறீர்கள் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். பட்டறையில் அவருக்குப் பெயரே 'அடுத்த மாசம்' என்றாகிவிட்டது. படகுகளைத் தூக்கும் கிரேனை ஓட்டுபவர் அப்பாவை நேரிலேயே அப்படிக் கூப்பிடுவார்.

"என்ன அடுத்தமாசம் அண்ணே, சாப்ட்டாச்சா?"

"ஆச்சு."

"அதுவாவது இந்த மாசமே ஆச்சே."

அம்மா மேலிருந்து சிரிப்பாள். அவள் மட்டும் என்னவாம்? ஊரிலுள்ள படகுகளுக்கெல்லாம் உறை தைத்தவள், தன் கூடத்துத் திரைச்சீலைகளைத் தைத்து முடிக்கவில்லை. மடிப்புகள் குண்டூசியிலேயே நின்றன. கேட்டால், "ஊரான் வேல ஒழியட்டும்" என்பாள்.

போன வருடம் வந்தபோது வால்வுகள் கழற்றப்பட்டிருந்தன. படகின் அடிவயிற்றில் தண்ணீர் உள்ளே வரவும் வெளியே போகவும் துளைகள் உண்டு. ஒவ்வொரு துளையிலும் ஒரு வெண்கல வால்வு. அதில் ஒன்று தவறினால் படகு மூழ்கும். அவற்றை அப்பாவே முன்பு புதிதாக மாட்டியிருந்தார். இப்போது துளைகளில் மரக்கட்டை அடைத்திருந்தது. வால்வுகள் ஒரு வாளியில், கோணிக்கு அடியில். ஒன்றை எடுத்துக் கத்தியால் சுரண்டினேன். அரித்துப்போன உலோகம் செம்பு நிறம் காட்டும். இது நல்ல மஞ்சள். சுத்தியலால் தட்டினேன். மணிபோலக் கேட்டது.

"நல்லாத்தானே இருக்குப்பா?"

"பாக்க நல்லாத்தான் இருக்கும். உள்ள எப்படின்னு யாருக்குத் தெரியும்?"

"யாரச் சொல்றீங்க, என்னையா?" என்றது மேலேயிருந்து அம்மாவின் குரல்.

அப்பா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "வெளிநாட்டுலேருந்து புதுசு சொல்லியிருக்கேன். வரும்" என்றார். முகம் சிவந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இறக்கினால் அவள் இறங்கிவிடுவாள். இறக்காதவரை இருவரும் ஒரே வீட்டில். மனிதர் நல்ல பொருள்களைக் கழற்றிக் கழற்றி அவளைப் பிடித்து வைத்திருந்தார். நான் வால்வை வாளியில் போட்டுக் கோணியால் மூடினேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

குளிர் தொடங்கியபோது அவளுக்கு ஏணியில் பாதியிலேயே மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். இதயம் பலவீனமாகிவிட்டது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தேன். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"தண்ணிக்குப் பயந்து அவ்வளவு ஒசரத்துல போய் உக்காந்தேன். ஏணியேறி வந்திருக்கு பாரு" என்றாள்.

இனி ஏணி கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளைத் தையல் கொட்டகையில் வைத்தோம். மெஷினுக்குப் பக்கத்தில் கட்டில். மறைவுக்கு ஒரு படகுத் துணி. கிரேன்காரரின் மனைவி சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஜன்னல் வழியே எங்கள் வீடு தெரிந்தது, கீழிருந்து மேலாக.

"இத்தன வருஷம் குடியிருந்த வீட்டோட அடிவயித்த இப்பத்தான் ஒழுங்கா பாக்கறேன்" என்றாள். "அசிங்கமாத்தான் இருக்கு."

அப்பா ஏறிப்போய் அவள் கேட்டதையெல்லாம் எடுத்து வருவார்: சீப்பு, போர்வை, அவளுடைய தம்ளர். எதைக் கொண்டுவந்தாலும் அது இல்லை, இன்னொன்று என்பாள். அவளுக்கு வேண்டியது பொருள் இல்லை. படுக்கைக்குத் தலைமாட்டில் இருந்த அந்த வட்ட ஜன்னல், சமையல் மூலையில் இடுப்பு இடிக்காமல் திரும்பும் இடம். ஒரு காலையில் அப்பா மாத்திரை கொடுத்துவிட்டு எழுந்தார்.

"ஏங்க. இறக்குங்க அத."

"எத?"

"வீட்டத்தான். தண்ணில நின்னா தளமும் துறை மேடையும் ஒரே மட்டம். ஒரு எட்டு வெச்சா உள்ள போயிடலாம். ஏணி வேண்டாம்."

"இறங்கிடுவேன்னியே."

"இறங்கல. ஏறத்தான் கேக்கறேன்."

அப்பா சுத்தமான கையைத் துணியில் துடைத்தார். "வால்வு வரணும். கப்பல்ல வருது. அடுத்த..." என்று தொடங்கி நிறுத்தினார்.

"கோணிக்கடியில இருக்கறத மாட்டுங்க."

"அது பழசு."

"அது நல்லாருக்கு. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இதோ ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறாளே, இவளுக்கும் தெரியும்."

அப்பா துணியை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார். "எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டாவது தடவ ஜன்னலக் கழட்டுனீங்களே, அப்பலேருந்து."

"சொல்லியிருக்கலாமே."

"எனக்கென்ன அவசரம்? நானுந்தான் திரைச்சீலையக் குண்டூசியிலயே விட்டு வெச்சேன்."

அப்பா வெளியே போனார். கோணியை உதறும் சத்தம் கேட்டது.

துளைகளைச் சுத்தம் செய்தோம். வால்வுகளைப் பிரித்து, தேய்த்து, கிரீஸ் பூசி மூடினோம். நான் உள்ளே, அவர் வெளியே. மரையை நான் பிடிக்க அவர் முடுக்கினார். வால்வுக்கும் படகின் தோலுக்கும் நடுவே பசை பூச வேண்டும். அதுதான் தண்ணீரைத் தடுப்பது. அது முழுதாக இறுகாமல் இறக்க முடியாது. இதமான வெயிலில் சீக்கிரம் இறுகும். அந்த வாரம் வெயிலே இல்லை. அப்பா ஹீட்டரைக் கொண்டுவந்து படகுக்கு அடியில் வைத்தார். தார்ப்பாய் கட்டிச் சூடு வெளியேறாமல் மறைத்தார். பொழுது விடிந்ததும் தார்ப்பாய்க்குள் நுழைந்து நகத்தால் அழுத்திப் பார்ப்பார். நகம் பதியும். வெளியே வந்து கொட்டகைப் பக்கம் பார்க்காமல் நடப்பார்.

வருடக்கணக்கில் நேரத்தைச் சம்பாதித்த மனிதர். இப்போது அவருக்குச் சில நாள்கூடக் கிடைக்கவில்லை. இதை நான் குற்றமாக எழுதவில்லை. நடந்த முறை இது.

அம்மா அந்த நாள்களில் திரைச்சீலைகளைத் தைத்தாள். அப்பா மேலேயிருந்து கொண்டுவந்து கொடுத்தார். தலையணைகளை முதுகுக்கு வைத்து, மெஷினைக் கட்டிலுக்கு இழுத்து, ஒரு மடிப்பு தைப்பாள், ஓய்வெடுப்பாள். எடுத்த குண்டூசிகளைக் காலரில் குத்திக்கொண்டாள். கிரேன்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"அண்ணி, கிரேன் ரெடி. அண்ணன் இந்த மாசம்னு சொல்லிட்டாரு. எனக்குத்தான் மயக்கமா வருது."

"இறக்கும்போது ஆட்டாம இறக்குங்க. உள்ள என் பாத்திரமெல்லாம் இருக்கு."

கடைசித் திரைச்சீலையையும் முடித்தாள். மறுநாள் மதியம் நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். அப்பா தார்ப்பாய்க்குள் இருந்தார். நகம் பதியவில்லை. அதைச் சொல்லத்தான் கொட்டகைக்கு ஓடியிருக்கிறார். நான் திரும்பியபோது கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவள் காலரிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவின் காரியமெல்லாம் முடிந்த பிறகு கிரேன்காரர் வந்து தயங்கி நின்றார்.

"அண்ணே, இப்ப வேண்டாம்னா..."

"இறக்கு" என்றார் அப்பா.

பட்டைகளைப் படகுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார்கள். கிரேன் மெல்ல நகர்ந்தது. ஜன்னல்களில் அவள் தைத்த திரைச்சீலைகள். பாத்திரம் ஒன்றுகூட ஆடவில்லை. கிரேன்காரர் அப்படி ஓட்டினார். படகு நின்ற மூலையில் நான்கு தாங்கிகளும் ஏணியும் மட்டும் மிச்சம். படகு தண்ணீரில் பட்டைகளோடு மிதந்தது. அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார். நானும் போனேன். ஒவ்வொரு வால்வையும் சுற்றி விரலால் தடவினார். மறுபடியும் முதலிலிருந்து தடவினார். ஓரிடத்திலாவது ஈரம் இருக்க வேண்டும் என்று அவர் தேடினார். பக்கத்தில் இருந்த எனக்கு அது தெரிந்தது. ஒரு வால்வு கசிந்தாலும் போதும். கழற்றியது சரி என்றாகும்.

"ஒரு சொட்டு இல்ல" என்றார்.

மேலே வந்தோம். தளமும் துறை மேடையும் ஒரே மட்டம். நடுவே ஒரு சாண் இடைவெளி. அவர் மேடைக்குக் காலை வைத்தார். திரும்பப் படகுக்கு வைத்தார்.

"ஏறியிருப்பா" என்றார் என்னிடம். "கையக்கூடப் பிடிக்க வேண்டாம்."

"ஆமாப்பா."

"பட்டையைக் கழட்டவா அண்ணே?" என்று கேட்டார் கிரேன்காரர். அப்பா தலையாட்டினார்.

படகு இன்னும் அந்த மேடையிலேயே கட்டிக் கிடக்கிறது. எங்கும் போகவில்லை. அப்பா அதில் குடியிருக்கிறார். போன வாரம் போனில் பேசும்போது வழக்கம்போல, இப்போது எதைக் கழற்றியிருக்கிறார் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. எல்லா வேலையும் முடிஞ்சிடுச்சு" என்றார்.

பட்டறையில் இப்போது யாரும் அவரை அடுத்தமாசம் என்று கூப்பிடுவதில்லை.