ஹபீலா குளிப்பாட்டிய கடைசி ஜனாஸா

கட்டுகஸ்தோட்டையில் அந்த ஒழுங்கைகளில் பெண் ஒருத்தி மௌத்தானால், முதல் அழைப்பு ஹபீலாவுக்குத்தான் போகும். ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்துவதில் அவள் கை அவ்வளவு பதமானது. உயிரோடிருப்பவளிடம் பேசுவதுபோல, “கொஞ்சம் திரும்புங்க மகள்” என்று சொல்லித்தான் உடலைப் புரட்டுவாள்.

பக்கத்து வீட்டு அஸீமா அவளோடு ஒன்றாகப் படித்தவள். பெரியாஸ்பத்திரியில் குடலில் ஆபரேஷன் செய்து, தேறி வருகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது காய்ச்சல் பிடித்தது. எந்த மருந்துக்கும் இறங்கவில்லை. இரத்தத்தைச் சோதித்த பிறகு, அங்கே வேலை செய்யும் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் அஸீமாவின் மகள் ஸுலைஹாவையும் ஹபீலாவையும் கூப்பிட்டுப் பேசினார்.

“இது ஒரு பங்கசு, பூஞ்சணக் கிருமி, தங்கச்சி. கட்டில் கம்பி, மெஷின், எங்கட கை, எல்லாத்திலயும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வழமையாக் குடுக்கிற மருந்துக்கு மசியுதில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கும் வந்திட்டுது.”

“ஆபரேஷன் நல்லா முடிஞ்ச தானே, டொக்டர்?” என்றாள் ஸுலைஹா.

“ஓம். அது நல்லாத்தான் முடிஞ்சது.”

கொழும்பிலிருந்து வேறு மருந்து வந்து சேர்ந்தபோது அஸீமாவுக்கு நினைவு தப்பியிருந்தது. ஹபீலா தீவிர சிகிச்சை அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று ஓதினாள். அந்த வாரமே அஸீமா மௌத்தானாள்.

“மாமி, கொரோனா நேரம் எங்கட ஜனாஸாக்கள எரிச்ச மாதிரி உம்மாவயும் எரிச்சிருவாங்களா?” ஸுலைஹாவுக்கு அந்தப் பயம்தான் முதலில் வந்தது.

அப்படி இல்லை, கையுறையும் மேலங்கியும் போட்டுக்கொண்டு குளிப்பாட்டி அடக்கலாம் என்று டொக்டர் சொல்லியனுப்பினார். ஆனால் செய்தி அதற்குள் ஊருக்குள் போய்விட்டது. வழக்கமாகத் தண்ணீர் ஊற்ற வரும் பெண்களில் ஒருத்திக்குத் தலைவலி, இன்னொருத்திக்கு வீட்டில் குழந்தை. ஹபீலா யாரையும் வற்புறுத்தவில்லை. ஸுலைஹா தண்ணீர் ஊற்ற, அவள் தனியாகவே குளிப்பாட்டினாள். கழுத்தில் குழாய் செருகிய இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை நனைத்து நனைத்து, தோல் உரியாமல் எடுத்தாள். கையுறைக்குள்ளிருந்து சிநேகிதியின் முகத்தைத் தொட்டதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் அதைக் கழற்றவில்லை.

சில மாதங்கள் கழித்து, சீனி வருத்தத்தால் ஹபீலாவுடைய கால்விரல் அழுகத் தொடங்கியது. அதே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். விரலை எடுத்த பிறகு தோலில் பஞ்சால் துடைத்துச் சோதித்ததில் அதே பங்கசு இருந்தது. கட்டிலை மூலை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“நோயாகேல்லை, அம்மா. தோலில மட்டும்தான் இருக்குது” என்றார் அதே டொக்டர்.

“அஸீமாட ஜனாஸாவில இருந்து வந்ததா?”

“சொல்லேலாது. இந்த வார்டிலயே பிடிச்சிருக்கவும் கூடும்.”

ஊருக்கு அந்தச் சந்தேகம் இருக்கவில்லை. வீடு திரும்பிய ஹபீலாவிடம் யாரும் முகம் சுளிக்கவில்லை. வாசலில் நின்று நலம் விசாரித்தார்கள், பழம் கொண்டுவந்து மதிலில் வைத்தார்கள். ஜனாஸாவுக்கு மட்டும் அழைப்பு வரவில்லை. ஸுலைஹா மட்டும் வந்து அவள் காலுக்கு மருந்து கட்டிவிட்டுப் போவாள்.

பின் ஒழுங்கையில் ஒரு கிழவி மௌத்தானதைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில்தான் கேட்டாள். பொல்லை ஊன்றிக்கொண்டு போனாள். வீட்டு மருமகள் வாசலுக்கே ஓடி வந்து, முற்றத்து மாமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டாள்.

“உள்ள சரியான சனம், மாமி. இங்க காத்தா ஈக்கி.”

ஹபீலா உட்கார்ந்தாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. தண்ணீர் அவசர அவசரமாக விழுந்தது. மெதுவாக ஊற்றச் சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. ஜனாஸாவைச் சுமந்த சந்தூக்கு வெளியேறும்வரை அங்கேயே இருந்து கையேந்தித் துஆக் கேட்டாள்.

எழுந்து கேட்டைத் தாண்டியபோது பின்னால் டெட்டோல் வாசம் வந்தது. யாரோ கதிரையைத் தேய்த்துக் கழுவும் சத்தம். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.